தானாகக் கொட்டிய தண்ணீர்

சிதம்பரத்திலிருந்து புவனகிரி, சேத்தியாத்தோப்பு வழியாக வடலூர் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே வயல்தான். வடலூரில் பஸ் மாறி விருத்தாசலம் சாலையில் போனால் திடீரென்று மலை தெரிகிறது. இந்தப் பக்கம் ஏது மலை? நெய்வேலிச் சுரங்கம் தோண்டிக் கொட்டிய மண்மேடு.

மந்தாரக்குப்பம் பக்கத்தில் டீ குடிக்க உட்கார்ந்தேன். அடுப்புக்கு அருகே நீலக் கேன், காலடியில் பச்சைக் குடம். கேன் தண்ணீர் டீ போட. குடத்துத் தண்ணீர் கிளாஸ் கழுவ.

"எங்க மாமனார் காலத்துல பைப்ப எறக்குனாலே போதும் தம்பி, மோட்டாரே வேணாம். தண்ணி தானாக் கொட்டும்" என்றார் கடைக்கார அக்கா.

பழம்பெருமை இல்லை, நிஜம். இங்கே பழுப்பு நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு ஊற்றுநீர் கிடக்கிறது. விட்டால் சுரங்கத்தின் தரையைப் பிளந்து பீறிடும். அதனால் 1957-இல் நேரு சுரங்கம் வெட்டும் பணியைத் தொடங்கிவைத்த காலத்திலிருந்தே நெய்வேலியின் பெரிய வேலை, கரியை எடுப்பதற்கு முன் தண்ணீரை இறைப்பதுதான். இரவு பகலாக இறைக்கிறார்கள். அந்தக் கரியில் 1962-இல் சோவியத் உதவியோடு முதல் மின் அலகு ஓடியது. கரி எரிந்தால் சாம்பல். அதை நீரில் கரைத்துக் குழாய்வழியே சாம்பல் ஏரிக்கு அனுப்புவது அனல்மின் நிலையங்களின் பழைய வழக்கம். சாம்பல் அடியில் படியும். அதிலுள்ள பாதரசம், ஆர்செனிக், செலினியம் போன்றவை நீரோடு மண்ணுக்குள் இறங்க வழியுண்டு. ஏரி என்ற நல்ல பெயரை இதற்கு யார் வைத்தார்களோ!

2023 ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் அத்யயன் கேந்திராவும் நெய்வேலி, பரங்கிப்பேட்டை வட்டாரங்களைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். குடிநீரில் பாதரசம் லிட்டருக்கு 0.001 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. வடக்கு வெள்ளூரில் அதைப்போல 62 மடங்கு இருந்ததாக அறிக்கை சொன்னது. செய்தியைப் பார்த்துத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே வழக்கு எடுத்தது.

அக்காவிடம் இந்த எண்களையெல்லாம் சொல்லவில்லை. அவரே கேட்டார்: "நல்லாக் காய்ச்சிட்டா சரியாப் போயிடும்ல?"

"கிருமின்னா செத்துரும்க்கா. உலோகம் அப்படியேதான் இருக்கும்."

"அப்ப கேனுக்கே காசு அழ வேண்டியதுதான்" என்றபடி என் காலி கிளாஸை வாங்கிப் பச்சைக் குடத்துத் தண்ணீரில் ஒரு அலசு அலசி, அடுத்தவருக்கு டீயை ஆற்றி ஊற்றினார்.