களனி கங்கையில் ஒரு படகுச் சவாரி

கேகாலை மாவட்டத்துக் கிதுல்கலயில் களனி கங்கை பாறைகளுக்கிடையே நுரைத்துப் பாய்கிறது. அங்கு இறப்பர் படகில் ஏறும் துணிவு ஐம்பதைக் கடந்த எனக்கு வந்ததற்கு, உடன்வந்த நண்பர்களின் கேலியே காரணம்.

முதல் சுழிப்பிலேயே படகு செங்குத்தாக எழுந்தது. "உள்ளுக்குக் குனிங்க ஐயா!" என்று பின்னாலிருந்து வழிகாட்டி இளைஞன் கத்தினான். யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்ட லயத்தில் பிறந்தவன். தாயார் இறப்பர் மரத்தில் பால் வெட்டுபவர்.

நீர் அமைதியுற்ற ஓரிடத்தில் அவன் கரையைச் சுட்டிக்காட்டினான். 'குவாய் நதிப் பாலம்' திரைப்படத்துக்காக டேவிட் லீன் பாலம் அமைத்துத் தகர்த்த இடம் அது. 1957இல் வெளியான அப்படம் ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்றது.

திரையில் நாம் கண்டது போர்க்கைதிகளின் கதையை. ஆனால், 1942–43இல் ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீற்றர் சயாம்–பர்மா ரயில்பாதையில், கைதிகளைவிடப் பன்மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் மடிந்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் அவர்களுள் பல்லாயிரவர். காலராவும் பட்டினியும் அவர்களைத் தின்றன. கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. இவர்களிற் பெரும்பாலோருக்குப் பெயர்ப் பதிவுகூட இல்லை.

இதைச் சொன்னபோது இளைஞன் துடுப்பை மடியில் வைத்தான்.

"அவங்களும் பால் வெட்டுனவங்களா ஐயா?"

"பெரும்பாலும் அவர்கள்தான் தம்பி."

தினமும் பயணிகளுக்கு அப்பாலத்தின் கதையைச் சொல்பவன் அவன். அக்கதையில் தன் தாயாரின் தொழிலைச் செய்தவர்கள் இருந்ததை யாரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை.

கிதுல்கல செல்லும் அன்பர்களே, அந்த வளைவைக் கடக்கையில் அவர்களையும் ஒரு கணம் நினையுங்கள்.