ஆறு வேளைச் சோறு

எங்கம்மாவுக்கு வயித்துல மூணுல ரெண்டு பங்கை அறுத்து எடுத்தது 2013 சித்திரையில். வீட்டுக்கு அனுப்புற அன்னிக்கு டாக்டரம்மா, "இனிமே ஒரு நாளைக்கு ஆறு வேளை, கொஞ்சங் கொஞ்சமாச் சாப்பிடணும்மா" என்றார். அம்மா சிரிச்சுது. ரெண்டு வேளைக்கே வழியில்லாம வளந்த பொம்பளை.

செம்மநத்தம் போகிற வழியில் ஒரு காப்பித் தோட்டத்து லைன் வீடு எங்களுது. ஊருக்குள் இருப்பவர்கள் மலையாளிப் பழங்குடிகள். நாங்கள் தாத்தா காலத்தில் கூலிக்கு மலையேறி வந்த சேரிக்காரர்கள். ஒரு வருசமாவே அம்மாவுக்கு நெஞ்சு எரியுது, சோறு எறங்கலைன்னு இருந்துச்சு. மருந்துக் கடையில் கேஸ் மாத்திரை வாங்கித் தின்னுச்சு. மலம் கறுப்பாப் போனதை யாருகிட்டயும் சொல்லல. சேலத்துக்கு இறங்கணும்னா இருபது கொண்டை ஊசி வளைவு, பஸ் காசு, ஒரு நாள் கூலி. மேஸ்திரியிடம் லீவு கேட்டதுக்கு, "பழம் எடுத்து முடியட்டும், அப்புறம் போ"ன்னுட்டார். மார்கழியில் பழம் முடிஞ்சுது. மாசியில் மிளகு வந்துடுச்சு.

அறுவைக்கான பணம் முதலமைச்சர் காப்பீட்டில் கிடைத்தது. அதைச் சொல்லாமல் விடக் கூடாது. கூடப் படுத்துக் கிடந்த எங்கப்பனோட கூலிக்குத்தான் காப்பீடு எதுவும் இல்லை. வார்டில் பக்கத்துக் கட்டில்காரம்மா ரெண்டு நாள் பிளாஸ்க்கில் வெந்நீர் குடுத்தாங்க. மூணாம் நாள் "நீங்க என்ன ஆளுங்க?"ன்னு கேட்டாங்க. அதோட வெந்நீர் நின்னு போச்சு. அந்தம்மாவுக்கும் வயித்துல அதே வியாதிதான்.

பயாப்சி தாளில் எடுத்துப் பார்த்த நிணநீர் முடிச்சு 18, புற்று ஏறினது 4 என்று இருந்தது. நான் அப்போது கல்லூரி மாணவன். டாக்டரம்மாவை நச்சரித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அறுத்த பிறகு ஆள் எத்தனை காலம் இருப்பாங்கங்கிறதுக்கு முதல் சங்கதி, கட்டி வயித்துச் சுவரில் எவ்வளவு ஆழம் இறங்கிச்சு, எத்தனை முடிச்சில் ஏறிச்சு என்பது. குறைந்தது 16 முடிச்சாவது எடுத்துப் பார்த்தால்தான் அந்தக் கணக்கை நம்பலாம். அறுத்த ஓரத்தில் புற்று மிச்சம் இருக்கக் கூடாது. அதுக்கப்புறம் உடம்புச் சத்து, ரத்தம், கீமோவை முழுசாத் தாங்குற தெம்பு.

தென் கொரியாவில் 40 வயசு தாண்டினவங்களுக்கு ரெண்டு வருசத்துக்கு ஒருமுறை அரசாங்கமே வயித்தைச் சோதிக்க ஏற்பாடு பண்ணியிருக்கு. ஆரம்பத்திலேயே பிடிச்சு அறுத்தா நூத்துக்குத் தொண்ணூறு பேருக்கு மேல அஞ்சு வருசத்தைத் தாண்டுறாங்க. எங்கம்மா போய்ச் சேர்ந்தது மூணாம் கட்டத்தில். கட்டங்கிறதை டாக்டருங்க வியாதியோட குணமா எழுதுறாங்க. எனக்கு அது மேஸ்திரி லீவு குடுக்காத மாசங்களோட கணக்காத்தான் படுது.

இந்தப் புற்றுக்குப் பெரிய காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரிங்கிற கிருமி. 1982இல் ஆஸ்திரேலியாவில் மார்ஷலும் வாரனும் கண்டுபிடித்தார்கள். 2005இல் நோபல் பரிசும் வாங்கினார்கள். நெருக்கடியான வீட்டில் சின்ன வயசிலேயே ஒட்டிக்குமாம். பத்துக்குப் பத்து லைன் வீட்டில் அம்மாவோடு பொறந்தவங்க ஏழு பேர்.

எட்டுத் தடவை கீமோன்னாங்க. அஞ்சுதான் ஆச்சு. உடம்பு 34 கிலோவுக்கு வந்துடுச்சு. சர்க்கரை போட்ட வரக்காப்பி குடிச்சா கொஞ்ச நேரத்தில் படபடன்னு வேர்த்து மயக்கம் வரும். வயிறு சின்னதாப் போனதால் இனிப்பு குடலுக்குள் சடார்னு இறங்குறதுதான் காரணம். தோட்டத்துல காலங்காலமா எங்க பசியை அமத்தினதே அந்தக் காப்பிதான்.

ஆறு மாசத்தில் மறுபடி வேலைக்குப் போச்சு. முந்தியில் ரெண்டு ராகி உருண்டை முடிஞ்சுக்கும். நிரையில் நின்னு தின்னா மேஸ்திரி கத்துவார்னு காப்பிச் செடி மறைவில் குந்தித் தின்னும். நாலாவது வேளைக்கு மேல எண்ணிக்கை போனதா எனக்கு ஞாபகமில்லை.

மூணு வருசம் ஒன்பது மாசம் இருந்துச்சு. 2017 தையில், கல்லீரலுக்குப் பரவி, லைன் வீட்டிலேயே போச்சு. கடைசி வாரம் நான் கஞ்சியை ஸ்பூனில் குடுக்கிறப்ப, "இது எத்தனாவது வேளை கண்ணு?"ன்னு கேட்டுச்சு. ஆறாவதும்மான்னு பொய் சொன்னேன்.