தம்பிக்கு, கிணற்றைப் பற்றி

அன்புள்ள தம்பி,

வெங்காயம் இந்தமுறை நல்லாய் விளைந்ததென்று அறிந்து சந்தோஷம். உன் மகள் கைப்பிள்ளையோடு உரும்பிராய்க்கு வந்து ஒரு மாதம் நிற்கப் போகிறாளாம். பேரனுக்குப் புட்டிப்பால்தானே? அதுதான் உடனே எழுதுகிறேன். "அக்கா தொடங்கிவிட்டா" என்று சிரிக்காமல் முழுவதையும் வாசி.

அவனுக்குத் தோட்டக் கிணற்றுத் தண்ணீரில் பால் கரைக்க வேண்டாம். கொதித்தாறிய தண்ணீர்தானே என்பாய். கிருமிக்கு அது சரி. ஆனால் தண்ணீரில் கரைந்திருக்கும் நைத்திரேற்று கொதிக்கவைத்தால் போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பச்சைப்பிள்ளையின் இரத்தம் ஒட்சிசன் கொண்டுபோவதை அது கெடுக்கும். உதடும் நகமும் நீலம்பாரித்துவிடும். லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அதைத் தாண்டிக் கண்டிருக்கிறார்கள்.

கோபிக்காதே, அந்த நைத்திரேற்றில் பெரும்பங்கு யூரியாப் பையிலிருந்து வருவதுதான். 50 கிலோ பையில் 23 கிலோ நைதரசன். வெங்காய வேரோ மேல் மண்ணோடு நின்றுவிடும். நீ பசளை எறிந்த கையோடு மெசினைப் போட்டுப் பாத்தி நிரம்ப இறைக்கிறாய். பயிர் எடுத்தது போக மிச்சம் நைத்திரேற்றாகிச் செம்மண்ணால் இறங்கி, சுண்ணாம்புக்கல் வெடிப்புகளால் போய், அதே கிணற்றில் வந்து சேரும். மண்ணில் கிடந்ததையும் மாரி மழை கழுவி இறக்கும். மேலால் ஓடுவது குளத்தில் விழுந்து பாசியை வளர்க்கும்.

எங்கள் ஐயா பூவரசங்குழையும் எருவும் தாழ்த்தவர். அது மெல்ல உக்கித்தான் சத்தை விடும். துலாவால் இறைக்கும் தண்ணீருக்கும் ஓர் அளவிருந்தது. நிலத்துக்குக் கீழே நல்ல தண்ணீர் உவர்த் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. மெசின் விடாமல் இழுத்தால் உவர் மேலேறும். ஓடுகிற ஆறில்லாத ஊரில் பிறகு எங்கே போவாய்?

எல்லாப் பழியையும் யூரியாவின் தலையில் போடவில்லை. கிணற்றுக்குக் கிட்ட உள்ள மலசலகூடக் குழிக்கும், கொட்டில் எருக்குவியலுக்கும் பங்குண்டு. குவியலைத் தூர மாற்று.

பசளையே போடாதே என்று சொல்ல நான் ஆர்? விலை விழுந்தால் கடன் கட்டுவது நீ. மண்ணைப் பரிசோதித்து, தேவையான அளவை இரண்டு மூன்று தரமாய்ப் பிரித்துப் போடு. மழை இருட்டும்போது எறியாதே. காசும் மிஞ்சும்.

பிள்ளை வருமுன் ஒரு போத்தலில் தண்ணீர் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடு. முடிவு கிடைக்கும்வரை அவன் பாலுக்கு வேறு நல்ல தண்ணீர் வாங்கு. காசு நான் அனுப்புகிறேன். இதில் மட்டும் அக்கா சொல்வதைத் தட்டாதே.

அன்புடன்,
அக்கா