கோடரியோடு வந்த விண்ணப்பம்

கன்பூசியம் என்றாலே கீழ்ப்படிதல், ஆசியாவுக்கு மக்களாட்சி ஒத்துவராது என்று யாராவது சொன்னால் கிம் டே-ஜுங்தான் என் நினைவுக்கு வருவார். 1980இல் தென்கொரிய ராணுவ ஆட்சியில் மரண தண்டனை விதிக்கப்பட்டவர். 1994இல் சிங்கப்பூரின் முன்னாள் பிரதமர் லீ குவான் யூவுக்கு எழுதிய மறுப்பில், கொடுங்கோலனை நீக்கும் உரிமை மக்களுக்கு உண்டு என்ற கன்பூசியச் சிந்தனையாளர் மென்சியஸையே சாட்சிக்கு அழைத்தார்.

கொரியாவில் அதிகாரத்தை எதிர்க்கும் இந்தக் கன்பூசிய மரபு ஏட்டுச் சுரைக்காயாக இருக்கவில்லை. 1876இல் ஜப்பானுடனான ஒப்பந்தத்தை எதிர்த்த கன்பூசிய அறிஞர் சோ இக்-ஹியோன், கையில் கோடரியோடு அரண்மனை முன் மண்டியிட்டார். ஏற்காவிட்டால் இதனாலேயே என்னை வெட்டுங்கள் என்று பொருள். மன்னனை இடித்துரைப்பது அவருக்குக் கடமை!

ஆனால் கணவன் இறந்தால் சின்னஞ்சிறு மகனைத் தாய்க்கே குடும்பத் தலைவனாக்கிய சட்டத்துக்கும் இதே மரபின் பெயரில்தான் முட்டுக்கொடுத்தார்கள். 2005இல் தென்கொரிய அரசியல் சாசன நீதிமன்றம் அது சாசனத்துக்கு முரணானது என்றது. எனக்கு இரு தரப்புக் கொரியர்களுமே வேண்டும்: கோடரி ஏந்தியவரும், அந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்காடிய பெண்களும்.