திரையும் மறைப்பும்

‘திரை’ என்னும் சொல்லுக்குத் தமிழிற் பல பொருள்கள் உண்டு. படத்தைக் காட்டுவதும் திரை. ஒன்றை மறைப்பதும் திரை. திரைப்படத் தணிக்கை பற்றி எண்ணுந்தோறும் இவ்விரு பொருள்களுமே என் நினைவுக்கு வருகின்றன.

எமது ஊர் வவுனியாவை அடுத்த நெளுக்குளம். சென்ற ஆண்டு பல்கலைக்கழக விடுதியிற் சிங்கள நண்பன் ஒருவன் பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’ என்னும் படத்தை எனக்குக் காட்டினான். வசனம் விளங்காத இடங்களில் அவனே பொருள் கூறினான். 1997இல் உருவான அப்படத்தின் நாயகர் பார்வையற்ற ஒரு முதியவர். போர்முனைக்குச் சென்ற மகனின் உடலென்று முத்திரையிட்ட சவப்பெட்டியொன்று வீடு வருகின்றது. அவர் அதனை நம்பவில்லை. நட்டஈட்டுப் படிவத்தில் ஒப்பமிடவும் மறுக்கிறார். ஈற்றில் புதைகுழி தோண்டப்படுகின்றது. பெட்டியினுள் மகனின் உடல் இல்லை.

அம்முதியவரில் நான் என் அம்மம்மாவைக் கண்டேன். 2009இல் முல்லைத்தீவிற் காணாமற்போன மாமாவுக்கு மரணச் சான்றிதழ் பெறுமாறு எத்தனையோ பேர் கூறினர். அவர் இன்றுவரை ஒப்பமிட்டாரில்லை.

2000ஆம் ஆண்டு ஏப்ரலில் ஆனையிறவுப் படைமுகாம் வீழ்ந்தது. அதன் பின் சில மாதங்களில், போர்ச் சூழலைக் காரணங்காட்டி அரசு இப்படத்தின் வெளியீட்டைத் தடுத்தது. இயக்குநர் வழக்குத் தொடர்ந்தார். 2001இல் உயர் நீதிமன்றம், அவரது அடிப்படை உரிமை மீறப்பட்டதெனத் தீர்ப்பளித்துப் படத்தைத் திரையிட வழிசெய்தது.

அந்நிய படங்களின் பெருக்கில் உள்நாட்டுக் கலை அமிழ்ந்துவிடாது காத்தல் ஒரு நியாயமான பணியே. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் அந்நோக்குடனேயே தோன்றிற்று. ஆயின், சொந்த மக்களின் துயரையே நாட்டுக்குப் பகையெனக் கருதி மறைத்தல் காத்தலாகுமா? அத்தடை நிலைத்திருப்பின், சிங்களக் கிராமமொன்றிலும் ஒரு தந்தை இவ்வாறு காத்திருப்பார் என்பதை நான் அறிந்திருக்கமாட்டேன்.

இதனை நான் கூறியபோது நண்பன் அமைதியாக ஒரு வினா எழுப்பினான்: “அப்படியாயின், யாழ்ப்பாணத்தில் நடந்தது?” 2018இல் யாழ்ப்பாணச் சர்வதேசத் திரைப்பட விழாவிலிருந்து ஜூட் ரட்ணத்தின் ‘டீமன்ஸ் இன் பரடைஸ்’ எதிர்ப்புக் காரணமாக விலக்கப்பட்டது. தமிழ் இயக்கங்களிடையே நிகழ்ந்த கொலைகளைப் பேசிய படம் அது. அந்நாளிற் பாடசாலை மாணவனாயிருந்த நான், படத்தைப் பாராமலே, அம்முடிவு சரியென்று வாதாடியவன். அன்றிரவு நண்பனுக்கு விடையிறுக்க என்னால் இயலவில்லை. அரசு செய்யின் அடக்குமுறை. நாம் செய்யின் இனமானமா?

விடுமுறையில் ஊர் சென்றபோது அம்மம்மாவிடம் அப்படத்தின் கதையைச் சொன்னேன். இறுதிவரை கேட்டிருந்துவிட்டு, “அப்ப, அந்த மனுசனுக்குப் பிள்ளை கிடைச்சதோ, தம்பி?” என்றார்.

கதை அதனைக் கூறவில்லை என்றேன். ஆயினும், அவ்வினாவை எழுப்பவேனும் அவருக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. வினாக்களுக்கு அஞ்சி மறைந்து வாழும் அடையாளம், அது எவருடையதாயினும், காக்கப்பட்டதாகாது.