வீட்டுக்காரி

தனியாக இருக்கும் ஒரு ஸ்திரீக்கு யோசனை சொல்ல ஆள் அகப்படவில்லை என்று சரித்திரத்திலேயே கிடையாது. "சொந்தமாக ஒரு இடம் வாங்கலாம் என்றிருக்கிறேன்" என்று நான் சொன்னதுதான் தாமதம். காய்கறிக்காரம்மாள் முதல் எங்கள் பள்ளித் தலைமையாசிரியர் வரையில் ஆளுக்கொரு அபிப்பிராயம் தயாராக வைத்திருந்தது தெரிய வந்தது. "மண்ணிலே பணத்தைப் போடு" என்றது ஒரு கட்சி. "தனியாக இருக்கிறவளுக்கு ஃப்ளாட்தான் பந்தோபஸ்து" என்றது இன்னொரு கட்சி. "ஒண்டிக்கட்டைக்கு வீடு எதற்கு?" என்று கேட்ட மூன்றாவது கட்சியும் உண்டு. அந்தக் கட்சிக்கு என் ஓட்டு இல்லை.

எனக்கு வயது 52. அம்மா இருந்தவரையில் அவள் முகத்தைப் பார்த்து வாடகைக்கு வீடு கொடுத்தார்கள். அவள் போன பிறகு, "துணைக்கு யார் இருக்கிறார்கள்?" என்ற கேள்விக்கு வாசற்படியிலேயே நின்று பதில் சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டு வருஷத்தில் மூன்று ஜாகை மாறினேன். மூன்றாவது வீட்டில் சாமான் மூட்டைகளைப் பாதிக்கு மேல் பிரிக்கவே இல்லை.

கையிலிருந்த சேமிப்புக்கும் வங்கி கொடுக்க ஒப்பிய கடனுக்கும் கடைசியில் இரண்டே இடங்கள் தேறின. இரண்டும் கடற்கரை-செங்கல்பட்டு மின்சார ரயில் பாதையை ஒட்டியவை. ஒன்று, ஊரப்பாக்கம் ஸ்டேஷனிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, 800 சதுர அடி மனையில் ஒரு குட்டி வீடு. மற்றது நங்கநல்லூரில், ஒரு கிரவுண்டில் ஆறு குடித்தனம் உள்ள பழைய கட்டடத்தில், முதல் மாடி ஃப்ளாட். விலை ஏறக்குறைய ஒன்றுதான்.

குட்டி வீட்டைப் பார்த்ததும் மனசு அங்கேயே உட்கார்ந்துவிட்டது. பின்பக்கம் ஒரு முருங்கை மரம், முன்னால் துளசி மாடம், மொட்டை மாடியில் வடாம் பிழிய இடம். என்னுடன் வந்த தம்பி, "அக்கா, இது உன் மண். ஃப்ளாட்டிலே நீ வாங்கறது அந்தரத்திலே ஒரு பெட்டி" என்றான். அவன் சொன்னது முழுக்கச் சரியில்லை, முழுக்கத் தப்புமில்லை.

ஃப்ளாட் வாங்கப் போகும் சகோதரிகள் கூடத்து டைல்ஸைப் பார்ப்பதற்கு முன் பத்திரத்தில் ஒரு வரியைப் பார்க்க வேண்டும். 'பிரிபடாத பாகம்' என்று அதில் எழுதியிருக்கும். அதுதான் மண்ணில் நமக்குள்ள பங்கு. ஒரு கிரவுண்டு என்பது 2400 சதுர அடி. ஆறு பேர் சமமாகப் பங்கு போட்டால் தலைக்கு 400. நாலைந்து மாடி எழுப்பிய கட்டடங்களில் இது இன்னும் சுருங்கிப் போகும். சுவருக்கு வருஷா வருஷம் வயசாகிறது. விலை ஏறுவதெல்லாம் அந்த 400 அடிக்குத்தான். அதாவது, அதே பணத்துக்கு ஊரப்பாக்கத்தில் எனக்கு இரண்டு மடங்கு மண்.

இன்னொரு சமாசாரமும் உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்புக்காகத் தமிழ்நாட்டில் 2022-இல் நிறைவேறி 2024-இல் அமலுக்கு வந்த சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு சொந்தக்காரர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டலாம். ஆறு பேரில் நாலு பேர் தலையசைத்தால் போதும். எனக்கு எழுபது வயசாகும்போது அந்த நாலு பேருக்கும் புது வீட்டு ஆசை வந்தால்? மறுபடியும் மூட்டை கட்ட வேண்டியதுதான். குட்டி வீட்டில் இந்தப் பயமில்லை.

சர்க்கார் சலுகை எந்தப் பக்கம் தராசைச் சாய்க்கும் என்று பார்த்தேன். 2025 ஏப்ரல் முதல் பெண்கள் பெயரில் பதிவாகும் சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவிகிதம் குறைவு. ஆனால் சொத்தின் மதிப்பு 10 லட்சத்துக்குள் இருக்க வேண்டுமாம்! அந்த விலைக்கு நான் பார்த்த பக்கமெல்லாம் கார் ஷெட் கூடக் கிடைக்கவில்லை. ஆகவே முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று முழுசாகத்தான் எடுத்துவைக்க வேண்டும். சில வங்கிகள் பெண்களுக்கு வட்டியில் 0.05 சதவிகிதம் தள்ளுபடி தருகின்றன. 30 லட்சம் கடனுக்கு அது மாதம் நூறு ரூபாய்கூட வராது. பூ வாங்கிக்கொள்ளலாம்.

பிறகு, யாரையும் அழைத்துக்கொள்ளாமல் இரண்டு இடங்களுக்கும் ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தரம், மழை நாளில் ஒரு தரம் போய் வந்தேன். இதை மட்டும் எல்லோருக்கும் சிபாரிசு செய்கிறேன். பகலில் தரகரோடு பார்க்கிற வீடு வேறு, ராத்திரி தனியாகப் போய்ப் பார்க்கிற வீடு வேறு. ஊரப்பாக்கத்து வீட்டின் இரு பக்கமும் காலி மனை. தெருவிளக்கு ஒன்று எரிந்தது, ஒன்று எரியவில்லை. மழையன்று வாசலில் கணுக்கால் தண்ணீர். 2015 டிசம்பரில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர்ப் பக்கம் கீழ்த்தள வீடுகள் மூழ்கியதையும், ஜனங்கள் மாடிகளுக்கு ஏறியதையும் சென்னையில் இருந்தவர்கள் யார் மறப்பார்கள்?

நங்கநல்லூரில் எதிர் ஃப்ளாட் பாட்டிக்கு 78 வயது. அவளும் தனிதான். "ராத்திரியிலே பயமா இல்லையா, மாமி?" என்று கேட்டேன்.

"பயமென்னடி பயம்! காலம்பர ஏழு மணிக்குப் பால் பாக்கெட் கதவிலே பையோட தொங்கிண்டிருந்தா, கீழ் வீட்டுப் பையன் தட்டிடுவான். போன வருஷம் குளியல் அறையிலே வழுக்கி விழுந்தேனே, அப்படித்தான் தெரிஞ்சுது. அவன்கிட்டே ஒரு சாவி இருக்கு. ஆனா ஒண்ணு, உன் வீட்டுக்கு யார் வரா, எப்போ போறான்னும் அவா பார்ப்பா. அதையும் சொல்லிட்டேன்."

ரயிலில் திரும்பி வரும்போது அந்தப் பால் பாக்கெட்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரப்பாக்கத்தில் அது காம்பவுண்டு கேட்டில் தொங்கும். முதலில் கவனிப்பது காக்காயாகத்தான் இருக்கும். அது மட்டுமா? தனி வீட்டில் மோட்டார் ரிப்பேரானால் ஆளைத் தேடுவதும் நான், கூட நின்று பார்ப்பதும் நான், அன்றைக்கு லீவு போடுவதும் நான். வீட்டில் நாலு பேர் இருந்தால் அந்த வேலையும் நாலாகப் பிரியும்.

ஃப்ளாட்டையே வாங்கினேன். தாய்ப் பத்திரத்திலிருந்து 30 வருஷத்து வில்லங்கச் சான்று வரையில் வக்கீல் படித்துப் பார்த்த பிறகுதான் முன்பணம் கொடுத்தேன். தம்பிக்கு இன்னும் மனசு சமாதானமாகவில்லை. எனக்கும் முருங்கைக் கீரைக்குக் காசு கொடுக்கும்போதெல்லாம் அந்த மரம் ஞாபகத்துக்கு வராமலில்லை. பால்கனித் தொட்டியில் துளசி மட்டும் சுமாராக வருகிறது.

பால் காய்ச்சிக் குடிவந்த பத்தாம் நாள், சொந்தக்காரர்கள் சங்கக் கூட்டம். நான் போய் நாற்காலியில் உட்கார்ந்ததும் காரியதரிசி மெள்ளக் கேட்டார்:

"உங்க வீட்டுக்காரர் வரலையாம்மா?"

"வந்தாச்சு, ஸார். நான்தான்" என்றேன்.

பாட்டி மட்டும் சிரித்துவிட்டாள். பிறகு தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்கிற விஷயம் வந்தது. தலைக்கு 700 ரூபாய் என்றார்கள். போன தடவை ரசீதைக் காட்டுங்கள் என்றேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த மாதத்திலிருந்து கணக்கு நோட்டு என் வீட்டு அலமாரியில்தான் இருக்கிறது. கீழ் வீட்டுப் பையனிடம் என் சாவி ஒன்றும் இருக்கிறது.