முதலில் நிறுத்தத்தை எழுதுங்கள்

திருச்சியில் எங்கள் கே.கே. நகர் குடியிருப்பின் மேல்மாடிப் பிள்ளைகள் என்னிடம் ஒரு தாளைக் கொடுத்திருக்கிறார்கள். "கடலோரமாவே கன்னியாகுமரி வரைக்கும் கார்ல போறோம் தாத்தா, சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க." சனிக்கிழமை விடியற்காலை கிளம்பி, ஞாயிறு நள்ளிரவு வீடு திரும்புகிற மாதிரி கணக்கு. ஊர், கிலோமீட்டர், நேரம், எந்த ஊரில் எந்தக் கடையில் பரோட்டா என்பது வரைக்கும் இருக்கிறது. எங்கே வண்டியை நிறுத்துவது என்று மட்டும் ஒரு வரி இல்லை.

டூரிஸ்ட் வேன் ஓட்டிப் பிழைத்தவன் நான். வேளாங்கண்ணி, ராமேஸ்வரம், திருச்செந்தூர் என்று திருச்சியிலிருந்து சவாரி அடித்தே பிள்ளைகளைப் படிக்கவைத்தேன். அந்தத் தொழிலில் நான் கற்றது ஒன்றுதான்: கிளம்புவதற்கு முன்னால் நிறுத்தங்களை எழுது. போகிற ஊர்களை அதற்குப் பிறகு எழுதலாம். பயணத்துக்கு மட்டும் என்று நினைத்துத்தான் கற்றேன். குடும்பம் நடத்தும்போதும் அதுவே கைகொடுத்தது.

முதலில் சாலையைப் பற்றிச் சொல்கிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலை என்றதும் உங்கள் கண்ணில் நிற்பது சென்னை, மாமல்லபுரம், புதுச்சேரி. பத்து நிமிஷத்துக்கு ஒரு ரிசார்ட், ஐந்து நிமிஷத்துக்கு ஒரு காபிக் கடை. நீங்கள் போகப்போவது அந்தச் சாலையின் வேறு முகம். விமான நிலையத்தைத் தாண்டி புதுக்கோட்டை, அறந்தாங்கி வழியாக மீமிசலில் கடலைப் பிடிப்பீர்கள். பிறகு தொண்டி, தேவிபட்டினம், ராமநாதபுரம். அதற்கும் தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, வேம்பார், தூத்துக்குடி. ஒரு பக்கம் பனையும் சீமைக் கருவேலமும், இன்னொரு பக்கம் உப்பளம். கடல் பக்கத்திலேயே இருக்கும், பல இடங்களில் கண்ணுக்குத் தெரியாது. எதிரே வண்டி வராமலே வெகுதூரம் ஓட்டலாம். செல்போன் சிக்னல் வரும், போகும். அழகான சாலைதான். ஆனால் இங்கே மறந்துபோனதை வழியில் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைக்கக் கூடாது.

அறந்தாங்கியை அடுத்துள்ள ஆவுடையார்கோயிலை உங்கள் தாளில் அடித்துவிட்டிருக்கிறீர்கள், நேரம் இல்லையாம். அது நிறுத்தத்தாலேயே பேர்பெற்ற ஊர். குதிரை வாங்கிவரச் சொல்லிப் பாண்டிய மன்னன் கொடுத்த பணத்தோடு கிளம்பினார் மந்திரி வாதவூரர். இதே ஊரில், அன்றைய திருப்பெருந்துறையில், குருந்த மரத்தடியில் குருவைக் கண்டார், அங்கேயே நின்றுவிட்டார். குதிரைப் பணம் கோயிலானது. போன பணம் திரும்பவில்லை. நமக்கு மாணிக்கவாசகர் கிடைத்தார். அந்தக் கோயிலின் கொடுங்கையை, வளைந்து இறங்கும் கல் கூரை விளிம்பை, ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். மரச்சட்டம், கம்பி, ஆணி என்று எல்லாவற்றையும் கல்லில் இழைத்திருக்கிறார்கள். "ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக" என்று ஸ்தபதிகள் ஒப்பந்தத்திலேயே எழுதுவார்களாம். கையால் எத்தனை பொறுமையாக வேலை செய்ய முடியும் என்பதைப் பார்க்க அரை மணி நேரம் இல்லை என்றால், இந்தப் பயணத்தில் வேறு எதற்கு நேரம் வைத்திருக்கிறீர்கள்?

இனி நிறுத்தங்கள். முதல் நிறுத்தம் வெளிச்சம். சூரியன் இறங்கும்போது வண்டி ஊருக்குள் நின்றிருக்க வேண்டும். சாயங்காலம் ஆடுகள் பட்டிக்குத் திரும்பும் நேரம். ஒன்று குறுக்கே வந்தால் பின்னால் கூட்டமே வரும். தைப்பூசத்தை ஒட்டிப் பச்சை உடுத்திய பாதயாத்திரைக்காரர்கள் திருச்செந்தூருக்கு ராத்திரியில் நடப்பார்கள். ஹெட்லைட்டை டிம் செய்து, வேகத்தைக் குறைத்துத் தாண்ட வேண்டும். இன்னொன்று, ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிப் பக்கம் சாலை தென்மேற்காக இறங்குகிறது. காலையில் போனால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். மத்தியானத்துக்கு மேல் போனால் கண்ணாடியில் நேராக அடிக்கும், உப்பளத்து வெள்ளையும் சேர்ந்துகொள்ளும். அந்தத் துண்டைக் காலை உணவு முடிந்ததும் ஓட்டிவிடுங்கள். எந்த மேப்பும் இதைச் சொல்லாது, அதற்குத் தூரமும் நேரமும்தான் தெரியும்.

இரண்டாவது, டேங்க் பாதியானால் நிறுத்தம். கால்வாசி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அறந்தாங்கியில் ஒரு தடவை, ராமநாதபுரத்தில் ஒரு தடவை நிரப்பிக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் யு.பி.ஐ. வேலை செய்யாது. பத்து, இருபது, ஐம்பது ரூபாய் நோட்டுகளாகக் கொஞ்சம் கையில் இருக்கட்டும். குடிதண்ணீரைத் திருச்சியிலேயே கேனில் பிடித்துக்கொள்ளுங்கள். காவிரித் தண்ணீரில் வளர்ந்த நமக்கு ராமநாதபுரம் சீமையின் தண்ணீர்க் கஷ்டம் சட்டென்று உறைக்காது. கடலாடி, முதுகுளத்தூர்ப் பக்கம் இரும்புத் தள்ளுவண்டியில் வரிசையாகக் குடங்களை அடுக்கிப் பெண்கள் தள்ளிக்கொண்டு போவார்கள். மணலில் ஊற்றுத் தோண்டி, கொட்டாங்குச்சியால் மொண்டு மொண்டு ஒரு குடம் நிரப்புவதை உட்கார்ந்து பார்த்தால், பிறகு யாரும் குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்க்க மாட்டார்கள். அந்த ஊர்த் தெருக்குழாயில் காரைக் கழுவுவதும் காலில் ஒட்டிய மணலைக் கழுவுவதும் கூடாது. விருந்தாளியாகப் போகிறவன் அந்த வீட்டில் எதற்குத் தட்டுப்பாடு என்று தெரிந்துகொண்டு போக வேண்டும்.

மூன்றாவது, பருவம். ஐப்பசியிலிருந்து மார்கழி வரை அந்தக் கடலோரத்தில் திட்டத்தை வானம்தான் போடும். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி ராத்திரி பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய பாசஞ்சர் ரயில் ஊரை நெருங்கும்போது சிக்னல் கிடைக்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்து, விசில் கொடுத்துவிட்டு நகர்ந்தது என்பார்கள். புயல் அலை ரயிலைக் கொண்டுபோனது. நூறு பேருக்கு மேல் போனார்கள். அந்த இருட்டிலும் மழையிலும் இன்ஜினில் நின்றவரைக் குறைசொல்ல நமக்குத் தகுதி இல்லை.

அதே கடலோரத்தில் இன்னொரு டிசம்பர், 2023. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயிலை ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்திவைத்தார்கள். முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணையும் ஜல்லியையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. ஏறக்குறைய 800 பயணிகள் ரயிலிலும் நிலையத்திலும் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலும் பொழுதைக் கழித்தார்கள். பசி, ஈரம், அழுகிற குழந்தைகள். ஏன் நிறுத்தினீர்கள் என்று சண்டை பிடித்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். நிறுத்தியதால் வீடு போய்ச் சேர்ந்தார்கள். நிறுத்துகிறவனுக்கு அந்த நேரத்தில் ஏச்சுதான் கிடைக்கும். நடக்காமல் போன விபத்து யார் கண்ணுக்கும் தெரியாது. இதை இந்த வயதிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

நான்காவது நிறுத்தம் ஆளைப் பொறுத்தது. டூரிஸ்ட் வேனில் கிளீனர் என்று ஒருவன் இருப்பான். டயருக்குக் காற்றுப் பார்ப்பதும் கண்ணாடி துடைப்பதும் அவன் வேலை என்று பயணிகள் நினைப்பார்கள். அவனுடைய பெரிய வேலை, ராத்திரி இரண்டு மணிக்கு டிரைவரின் கண்ணைப் பார்ப்பது. "அண்ணே, ஓரமாப் போடுங்க" என்று அவன் சொன்னால் போட வேண்டும். அவன் வயது சின்னது, சம்பளம் கம்மி என்பதெல்லாம் அங்கே செல்லாது. உங்கள் காரிலும் அப்படி ஒரு சட்டம் வேண்டும். முன்சீட்டில் உட்காருகிறவர் தூங்கக் கூடாது. யார் "நிறுத்து" என்று சொன்னாலும் முதலில் வண்டி நிற்க வேண்டும்; ஏன் என்று கேட்பது அப்புறம். பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்து ஒருவரின் வாயை அடைத்துவிட்டால், நிஜமான ஆபத்து வரும் நாளில் அவர் வாயே திறக்க மாட்டார். கூட்டாகத் தொழில் செய்கிற இடத்திலும் குடும்பத்திலும் இதே கதைதான்.

ஆளில்லாத சாலைக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் தென்கரையில் நல்லார்போர் சமவெளியைக் கடக்கும் ஐர் நெடுஞ்சாலை என்று ஒன்று இருக்கிறது. அதில் ஒரு துண்டு 146 கிலோமீட்டருக்கு மேல் ஒரு வளைவுகூட இல்லாமல் நேராக ஓடுகிறது. பாலடோனியா என்ற இடத்தில் பெட்ரோல் போட்டால் அடுத்த பங்க் 180 கிலோமீட்டர் தாண்டி, கைகூனாவில். சாலையிலேயே சில இடங்களில் விமான ஓடுதளம் மாதிரிக் கோடு போட்டுவைத்திருக்கிறார்கள், யாருக்காவது ஆபத்து என்றால் பறக்கும் டாக்டரின் விமானம் இறங்குவதற்கு. அந்த ஊரில் சொல்லிக்கொடுக்கும் முதல் விதி, வண்டி பழுதானால் வண்டியை விட்டு நடக்காதே. இரண்டாவது, எப்போது எங்கே இருப்பாய் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போ. நம் சாலையில் அவ்வளவு வனாந்தரம் இல்லை. கூப்பிட்டால் யாராவது ஒரு பைக்குக்காரர் நிற்பார். 112 இருக்கிறது, 108 இருக்கிறது, தேசிய நெடுஞ்சாலைக்கு 1033 இருக்கிறது. ஆனாலும் இரவு தங்கும் ஊர்களை எழுதி உங்கள் அம்மாவிடம் கொடுங்கள். "போய்ச் சேந்துட்டோம்" என்ற ஒரு வரிச் செய்திக்காக முழித்திருப்பவர்களையும் பயணத்தில் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

வண்டியைப் பற்றி ஒரே ஒரு விஷயம். டயரின் பக்கவாட்டில் கடைசியாக நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்த டயர். கட்டை தேயாமல் இருந்தாலும் ரப்பருக்கு வயது உண்டு. நான்கு டயரையும் பாருங்கள், ஸ்டெப்னியையும் பாருங்கள். ஸ்டெப்னிக்குக் காற்றடித்து எத்தனை மாதம் ஆயிற்று என்று உங்களில் ஒருவருக்காவது தெரியுமா? ஜாக்கியை எடுத்து வீட்டு வாசலிலேயே ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகுங்கள். பெண்பிள்ளைகளும்தான்.

இப்போது உங்கள் தாளை நான் திருத்துகிறேன். முதல் நாள் ஆவுடையார்கோயில், மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் நவபாஷாணம், இரவு ராமநாதபுரம். மீமிசல் பக்கம் கடலைப் பார்த்துக் கொஞ்சம் நில்லுங்கள். அலையே இல்லாத அந்தப் பாக் விரிகுடாக் கடலில் கடல்பசுவுக்காக 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். கடல்பசுவைக் காண்பீர்கள் என்று சொல்லவில்லை. அது மேய்கிற கடல்புல் இருக்கும் கடல் எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். இரண்டாம் நாள் பாம்பன், தனுஷ்கோடி. அரிச்சல்முனையில் பொழுது சாய்ந்தபின் இருக்கவிட மாட்டார்கள், காலையிலேயே போங்கள். வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல் என்பார்கள் அங்குள்ளவர்கள். பெண்கடலும் நீரோட்டம் உள்ளதுதான். மீனவரைக் கேட்காமல் எங்கேயும் தண்ணீரில் இறங்காதீர்கள். மூன்றாம் நாள் காலை வெயில் முதுகில் விழ கீழக்கரை, சாயல்குடி, வேம்பார், தூத்துக்குடி. நான்காம் நாள் திருச்செந்தூர், மணற்குன்றின் மேல் 1581-இல் எழுந்த மணப்பாடு திருச்சிலுவைக் கோயில், உவரி, கன்னியாகுமரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. மீனுக்காகப் போகிறவர்கள் அப்போது போக வேண்டாம். குலசேகரப்பட்டினம் தசராவும் திருச்செந்தூர் சூரசம்ஹாரமும் வருகிற வாரங்களில் அறை கிடைக்காது. தை பிறந்து பங்குனிக்குள் போய்வந்துவிடுங்கள். ஐந்தாம் நாளை வெறுமனே விடுங்கள், எதையும் எழுதாதீர்கள். பஞ்சரோ, மழையோ, மனசுக்குப் பிடித்த ஒரு ஊரோ, ஏதாவது ஒன்று அந்த நாளைக் கேட்கும். ஒன்றும் கேட்காவிட்டால் நாலுவழிச் சாலையில் நெல்லை, மதுரை வழியாக நிதானமாக வாருங்கள்.

லீவு கிடைக்காது என்பீர்கள். சரி, ராமநாதபுரத்தோடு திரும்பிவிடுங்கள். பாதியில் திரும்புவது தோல்வி என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? சாலைக்கு வெளியேயும் இப்படித்தான். வீட்டுக் கடன் வாங்கும்போது மாதத் தவணை எவ்வளவு என்று கேட்கிறீர்கள். மூன்று மாதம் சம்பளம் நின்றால் நாம் எங்கே நிற்போம் என்று கேட்பதில்லை. பங்குச் சந்தையில் நிறுத்தத்துக்கு ஸ்டாப் லாஸ் என்று வழியே வைத்திருக்கிறார்கள், பல பேர் போடுவதில்லை. வேலையில் சேரும்போது எத்தனை மணிக்கு மேல் உடம்பைக் கொடுக்க மாட்டேன் என்று முடிவு செய்வதில்லை. சூடு ஏறிய பிறகு நிறுத்தத்தைத் தேடினால் கிடைக்காது, ஏனென்றால் அப்போது எல்லாருக்கும் "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்றுதான் தோன்றும். தலை குளிர்ச்சியாக இருக்கும்போது எழுதிவைத்த வரிதான் அப்போது உங்களுக்காகப் பேசும்.

திங்கட்கிழமை ஆபீஸ் என்றால் ஞாயிறு மத்தியானமே கே.கே. நகர் வந்து சேருங்கள். வந்ததும் தூங்கப் போய்விடாமல், வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவுங்கள். உப்புக் காற்று பட்ட இரும்பு மறுநாளுக்குக் காத்திருக்காது.